தென்னைக்குக் கிளை இல்லை

(தஞ்சாவூரில், கணினி வரைகலை பயிலும் மாணவர்களும் ஓவியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. 1950இல் தொடராக வரத் தொடங்கிய அந்தக் கதையைப் படித்த ஒவ்வொருவரும் அந்த ஏரிக்கரையை, அதன் மரங்களை, அந்த வெளிச்சத்தை மனத்துக்குள் ஒருமுறை கட்டிப் பார்த்திருப்பார்கள். மணிரத்னம் அதைப் படமாக்கினார். 2019 டிசம்பரில் படப்பிடிப்பு தாய்லாந்தில் தொடங்கியது. முதல் பாகம் 2022 செப்டம்பரிலும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தன. இதில் குறை சொல்ல நான் வரவில்லை. இன்றைய காவிரிக்கரையில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் மின்கம்பி வருகிறது, செல்போன் கோபுரம் வருகிறது, சீமைக்கருவேலம் வருகிறது. பத்தாம் நூற்றாண்டை இங்கே நேரடியாகப் படம்பிடிப்பது பெரும்பாடு.

என் கேள்வி உங்களைப் பற்றியது. நாளைக்கு ஒரு படத்துக்கோ வீடியோ கேமுக்கோ இந்த நிலத்தை முழுக்க முழுக்கக் கணினிக்குள்ளேயே வளர்க்கச் சொன்னால், உங்கள் கையில் என்ன இருக்கிறது?

பிளெண்டர் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கென மரம் வளர்க்கும் கருவியும் கிடைக்கிறது. 1995இல் வெபர், பென் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை அடிப்படையாகக் கொண்ட கருவி அது. அந்தக் கட்டுரை அளவுகள் கொடுத்து விளக்கிய மரங்கள் ஆஸ்பென், டூபெலோ, வில்லோ, கலிபோர்னியா ஓக். கருவியைத் திறந்தால் ஆயத்தமாக இருப்பவை பிர்ச், மேப்பிள், பைன். புகைப்படங்களிலிருந்து முப்பரிமாணமாக்கிய செடிகளும் பாறைகளும் கொண்ட பெரிய களஞ்சியம் ஒன்றை ஸ்வீடனின் குவிக்சல் நிறுவனம் உருவாக்கியது. 2019இல் எபிக் கேம்ஸ் அதை வாங்கியது. அந்தத் துல்லியத்தைப் பார்த்து வியக்கிறேன். ஆனால் வடநாட்டுக் காட்டின் பாசியும் பெரணியும் அங்கே கிடைக்கும் வளத்தில், நம் வயல் வரப்பின் கோரையும் அருகும் கிடைப்பதில்லை. நம் மாணவர் ஒருவர் கொள்ளிடக்கரையை உருவாக்க உட்காரும்போது, கையில் எளிதாக அகப்படுவது வேறொரு மண்ணின் காடு. இலை நிறத்தைக் கொஞ்சம் மாற்றி, மரத்தை நட்டுவிடுகிறார். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது. இது நம் ஊர் இல்லை என்பது மட்டும் தெரிந்துவிடும்.

ஏன் தெரிந்துவிடுகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். செடி எந்த விதிப்படி வளர்கிறது, வெளிச்சம் அதன் ஊடே எப்படி இறங்குகிறது என்ற இரண்டும் அந்தந்த நிலத்துக்கே உரியவை. அவற்றை இங்கேயே நின்று அளந்தால்தான் உண்டு.

முதலில் வளர்ச்சி. கணினியில் காடு வரைந்த முதல் முயற்சிகளில் 1984இல் லூகாஸ்ஃபிலிமில் உருவான ‘ஆந்த்ரே அண்ட் வாலி பி.’ என்ற குறும்படம் முக்கியமானது. அதன் காட்டை வில்லியம் ரீவ்ஸ் சின்னஞ்சிறு துகள்களைத் தெளித்து உண்டாக்கினார். தூரத்துக் காட்டுக்கு அது போதும். கிட்டே போனால் கிளையின் அமைப்பு வேண்டும். அந்த அமைப்புக்கான இலக்கணத்தை, படம் வரையும் எண்ணமே இல்லாமல், 1968இல் எழுதியவர் ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர். ஒரு குறியீடு மொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றில் அந்த மொட்டு ஒரு தண்டும் இரண்டு மொட்டுமாக மாறும் என்று விதி. எல்லா மொட்டுக்கும் ஒரே நேரத்தில் இந்த விதி பாயும். ஏழெட்டுச் சுற்றில் ஒரு செடி நின்றுவிடும். இந்த இலக்கணத்தைப் படமாக்கும் வழியைப் பிரசெமிஸ்லாவ் புருசின்கீவிச் வளர்த்தெடுத்து, லிண்டன்மேயருடன் சேர்ந்து 1990இல் ‘தாவரங்களின் நிரல்வழி அழகு’ என்று தமிழில் சொல்லத்தக்க நூலை வெளியிட்டார். இன்று சினிமாவில் நீங்கள் பார்க்கும் கணினி மரங்கள் பலவற்றுக்கு அதுவே பாட்டன் நூல்.

அந்த நூலைத் திறந்து பாருங்கள். செடிகளுக்கு நடுவே கோலம் இருக்கிறது. கிருஷ்ணனின் கொலுசு என்று வழங்கும் கம்பிக் கோலம், பாம்புக் கோலம் இரண்டும் அதே இலக்கணத்தால் வரையப்பட்டு அச்சாகியிருக்கின்றன. இது எங்கிருந்து போயிற்று? தாம்பரத்திலுள்ள சென்னை கிறித்துவக் கல்லூரியிலிருந்து. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் ஒரு பன்னாட்டு வரைகலை ஆய்விதழில் கோலங்களுக்கான வரிசை இலக்கணம் பற்றி எழுதினார்கள். புள்ளி வைத்து இழை இழுக்கும் பெண்களின் கை எந்த விதியில் நகர்கிறது என்று கேட்டார்கள். சிறு கோலத்திலிருந்து பெருங்கோலம் விரியும் விதியும், மொட்டிலிருந்து மரம் விரியும் விதியும் கணக்கில் ஒரே குடும்பம். தஞ்சாவூர் மாணவர்களுக்கு இந்தத் துறை அந்நியமானது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மார்கழி முழுக்க இந்தத் தெருக்களில் அந்த இலக்கணம் வாசலில் கிடக்கிறது.

சரி, இலக்கணம் இருக்கிறது. அதை இங்கே பொருத்தினால் உடனே ஒரு தடை எழுகிறது. கிளை பிரிவதுதான் அந்தக் கருவிகளின் உயிர். அடிமரம் பருத்து, கிளை மெலிந்து, பிரிந்த கிளைகளின் குறுக்குப் பரப்பைக் கூட்டினால் அடிமரத்தின் பரப்பு வரும் என்று லியனார்டோ டாவின்சி குறித்துவைத்ததை இன்றும் பல மென்பொருள்கள் பின்பற்றுகின்றன. இப்போது காவிரி டெல்டாவைப் பாருங்கள். தென்னை, பனை, வாழை, மூங்கில், நாணல், கோரை, தாழை, கடைசியாக நெல். இவை எல்லாம் ஒருவித்திலைத் தாவரங்கள். தாழை கவைத்துப் போகும். தென்னைக்குக் கிளை இல்லை. வயதுக்கு ஏற்ப அதன் மரம் பருப்பதும் இல்லை. திருச்சியிலிருந்து பூம்புகார் வரை கண்ணில் படும் பச்சையில் பெரும்பகுதிக்கு, ஐரோப்பிய மரத்தை மனத்தில் வைத்துச் செய்த கருவி உதவாது. நிறத்தை மாற்றினாலும் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

தென்னைக்கு வேறு விதி எழுத வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை விடும். கொண்டையில் முப்பது, முப்பத்தைந்து மட்டை இருக்கும். ஒவ்வொரு மட்டையும் முந்தியதிலிருந்து சுமார் 137.5 பாகை திரும்பி நிற்கும். விழுந்த மட்டை விட்ட வடு மரத்தில் வளையமாக நிற்கும். நல்ல மழை கண்ட ஆண்டில் வடுக்களின் இடைவெளி கூடும், வறட்சியில் நெருங்கும். அதாவது மரத்தின் மேல்தோலை இஷ்டப்படி வரையக்கூடாது; அது அந்த மரத்தின் நாட்குறிப்பு. இன்னொன்று. மட்டைகள் இடஞ்சுழியாகவும் சுற்றும், வலஞ்சுழியாகவும் சுற்றும். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் டி. ஏ. டேவிஸ் 1960களில் இதை விரிவாக ஆராய்ந்தார். இரு வகையும் ஏறத்தாழப் பாதிப் பாதி. தாய்மரத்தின் சுழி பிள்ளைக்கு வருவதில்லை. தோப்பு வரையும் நமக்கு இது பெரிய வசதி. ஒரு தென்னை மாடலைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வைத்தாலும் அது உண்மையான தென்னைதான். அப்படித் திருப்புவது கண்ணை ஏமாற்றும் வேலை அல்ல. தென்னையில் அது தாவரவியல்.

வாழைக்குக் காற்று முக்கியம். குருத்து விரிந்த சில நாளிலேயே இலை நரம்பின் வழியே கிழியத் தொடங்கும். திருவையாற்றுப் பக்கத்து வாழைக் கொல்லையில் கிழியாத முழு இலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கணினி வாழையின் இலைகள் எல்லாம் பந்திக்கு நறுக்கியது மாதிரி முழுசாக இருந்தால் அது பிளாஸ்டிக் வாழை. அதே காற்று புயலாக வந்தால் என்ன செய்யும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. இன்று பேராவூரணித் தோப்பு ஒன்றை உருவாக்கினால், உயர்ந்து நிற்கும் பழைய மரங்களுக்கு நடுவே, அந்தப் புயலுக்குப் பின் வைத்த ஒரே வயது கன்றுகள் இருக்க வேண்டும். எல்லா உயரத்திலும் மரங்களைத் தூவிவிட்டால், அந்த ஊர்க்காரர் பட்ட துயரத்தை அழித்துவிடுகிறீர்கள்.

நெல்லுக்கு வருவோம். இருபதுக்குப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 50 குத்து. குத்துக்குப் பத்துத் தூர், தூருக்கு நாலு இலை என்று எளிய கணக்கு வைத்தாலும் சதுர மீட்டருக்கு 2,000 இலை. ஒரு வேலி நிலத்துக்கு ஐந்து கோடிக்கும் மேல். இத்தனை இலையைத் தனித்தனியே நினைவில் வைப்பது கணினிக்குப் பெரும் சுமை. அதனால் சில குத்துகளை மட்டும் முழுமையாகச் செய்து, மற்ற இடங்களில் எந்தக் குத்து, எந்தத் திசையில், எவ்வளவு பெரிதாக என்ற குறிப்பை மட்டும் வைக்கிறோம். இதற்கு இன்ஸ்டன்சிங் என்று பெயர். ‘மோவானா’ படத்தின் தீவை டிஸ்னி நிறுவனம் 2018இல் ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. அதில் தனித்தனியே செய்த வடிவத் துண்டுகள் சுமார் ஒன்பது கோடி. இப்படித் திரும்பத் திரும்ப வைத்த பிறகு கணக்கு 1,500 கோடியைத் தாண்டுகிறது. அந்தத் தீவில் என்னென்ன மரம் தெரியுமா? தென்னை, தாழை, சவுக்கு. நாகப்பட்டினம் கடற்கரையில் நிற்பவைதான். பசிபிக் தீவுக்கு அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். படித்துப் பாருங்கள், பயன்படுத்திப் பாருங்கள்.

ஆனால் நெல்லில் எந்தக் குத்தை மாதிரியாக எடுப்பது? இங்கே ரகம் தெரிய வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் வளரும். இலை நீண்டு தொங்கும். கதிர் முற்றினால் சாயும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கியது. 1960களுக்குப் பிறகு அங்கிருந்து வந்த குட்டை ரகங்களின் இலை பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். இது வெறும் வடிவ வேறுபாடு இல்லை. 1953இல் மோன்சி, சாயிகி என்ற இரு ஜப்பானியர் பயிருக்குள் வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்பதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். நிலப்பரப்பைப் போல நாலு மடங்கு இலைப்பரப்பு உள்ள வயலில், இலை நன்றாக நிமிர்ந்திருந்தால் அடிக்கு ஏழில் ஒரு பங்கு வெளிச்சம் போகும். இலை தொங்கினால் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஒரே உச்சிவெயிலில் இரண்டு வயலின் அடிநிழலும் வெவ்வேறு. சோழர் காலத்து வயலுக்கு இன்றைய குட்டை நெல்லை வைத்தால், உயரம் மட்டுமல்ல, நிழலும் பொய்யாகும்.

நிழலைத் தொட்டுவிட்டோம். இனி வெளிச்சம்.

ஒளி ஒரு பொருளில் பட்டு, இன்னொன்றில் தெறித்து, மூன்றாவதில் மங்கி வருவதை ஒரே சமன்பாட்டில் 1986இல் எழுதியவர் ஜேம்ஸ் கஜியா. இன்றைய ரெண்டர் மென்பொருள்கள் அதைத்தான் தீர்க்கின்றன. சூரியனை எங்கே வைக்கிறீர்கள் என்பது மட்டும் உங்கள் பொறுப்பு. தஞ்சாவூர் 10.8 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 18ஐ ஒட்டி நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதற்குப் பின் ஆகஸ்ட் 25 வரை உச்சிச் சூரியன் வடக்கே நிற்கிறது. ஆடிப்பெருக்கன்று நண்பகலில் பத்து மீட்டர் மரத்தின் நிழல் தெற்கே ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டி விழும். மார்கழி நடுவில் அதே மரத்தின் நிழல் வடக்கே ஏழு மீட்டர் கிடக்கும். லண்டன், ஸ்டாக்ஹோம் வெளிச்சத்தில் பழகிய கண், மாலையைப் பொன்னிறமாக நீட்டிக்கொண்டே போகும். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. அந்தப் பொன் வெளிச்சம் சீக்கிரம் தீர்ந்துவிடும். காவிரிக்கரைக் காட்சிக்கு ஒரு மணி நேரம் நீளும் அந்திமாலை கொடுப்பது, பாத்திரத்துக்கு வேற்றுமொழி வசனம் கொடுப்பதற்குச் சமம்.

மரத்தடி நிழலுக்குள் வட்ட வட்டமாக வெளிச்சம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இலை இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும் கீழே வட்டம்தான் விழும். அவை சூரியனின் பிம்பங்கள். 2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் நம் பக்கத்து மாவட்டங்களான திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போனபோது, மரத்தடி வட்டங்கள் எல்லாம் பிறையாக மாறின. இதிலிருந்து ஒரு கணக்கு. சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலம். அதனால் பத்து மீட்டர் உயரத்திலுள்ள இலையின் நிழல் ஓரம் தரையில் ஒன்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கலங்கும். பதினைந்து மீட்டர் தென்னையில் பதினான்கு சென்டிமீட்டர். தென்னங்கீற்றில் ஒரு இலக்கின் அகலம் நாலைந்து சென்டிமீட்டர்தான். எனவே உயர்ந்த தென்னையின் நிழலில் தனித்தனி இலக்கு தெரியவே தெரியாது. மட்டையின் நிழல் மட்டும் மங்கலாக ஆடும். பக்கத்திலேயே இரண்டரை மீட்டரில் நிற்கும் வாழையின் நிழல் கத்தரித்த மாதிரி கூர்மையாக விழும். தென்னைக்கும் வாழைக்கும் ஒரே கூர்மையில் நிழல் விழுந்தால், சூரியனைப் புள்ளியாக வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒளி மூலத்தின் அளவை அரைப் பாகையாக மாற்றினால் போதும்.

இலை ஒளியைத் தன் ஊடே விடவும் செய்யும். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டு பச்சையில் ஒரு பங்கை மறுபக்கம் அனுப்புகிறது. அதனால் சூரியனுக்கு எதிரே நின்று பார்க்கும் வாழைக்குருத்து மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். சூரியனை முதுகில் வைத்துப் பார்த்தால் அதே இலையின் மெழுகுப் பூச்சு வானத்தைக் காட்டி வெளுத்துப் பளபளக்கும். தென்னந்தோப்பு உச்சிவெயிலில் பச்சையாக இருப்பதைவிட வெள்ளியாக இருப்பதுதான் அதிகம். புதிதாகச் செய்பவர்கள் இலையை அடர் பச்சையாக்கிவிட்டு இந்த வெள்ளியைத் தவறவிடுகிறார்கள். மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் தனித்தனி ஷேடர் வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போனவர்களுக்கு இது எளிதில் புரியும்: அங்குள்ள கண்டல் இலையின் அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பு. காற்றில் இலை புரளும்போது காடே நிறம் மாறும்.

நம் நிலத்துக்கே உரிய இன்னொரு விளக்கு, நடவு வயல். நட்ட புதிதில் வயல் முழுக்கத் தண்ணீர். நேர்கீழே பார்த்தால் தண்ணீர் நூற்றில் இரண்டு பங்கு ஒளியைத்தான் திருப்பும். சாய்ந்து, தரைமட்டத்திலிருந்து பத்துப் பாகையில் பார்த்தால் நூற்றில் நாற்பது பங்குக்குப் பக்கத்தில் திருப்பும். காலையிலும் மாலையிலும் வயல் வானத்தை அள்ளி வரப்புத் தென்னைகளின் அடிமட்டைக்கு வீசுகிறது. கீழிருந்து வரும் இந்த வெளிச்சம் சம்பா நடவின்போது இருக்கும், தை அறுவடையில் இருக்காது. காட்சி எந்த மாதத்தில் நடக்கிறது என்று இயக்குநரிடம் முதலில் கேளுங்கள்.

எந்த நூற்றாண்டு என்றும் கேளுங்கள். ‘பொன்னியின் செல்வ’னில் வரும் பூங்குழலியின் கோடிக்கரையைச் செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இன்றும் காடு இருக்கிறது. 1967இலிருந்து அது வனவிலங்குச் சரணாலயம். வறண்ட பசுமைமாறாக் காடு. பாலை மரங்கள் கடற்காற்றில் உயர முடியாமல் தழைந்து, சிறிய தடித்த இலைகளோடு நெருங்கி நிற்கின்றன. அந்தக் காட்டைப் படமெடுத்து அப்படியே வைத்தால் போதாது. ஊடே புகுந்திருக்கும் சீமைக்கருவேலத்தை எடுத்துவிட வேண்டும், அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கரையோரச் சவுக்குத் தோப்பு பிற்காலத்து நடவு. சாலையோரத் தூங்குமூஞ்சி, வாய்க்காலை அடைக்கும் ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு மூன்றும் தென்னமெரிக்கா. சிவந்து பூக்கும் குல்மோகர் மடகாஸ்கர். யூகலிப்டஸ் ஆஸ்திரேலியா. முந்திரியும் பப்பாளியும் போர்ச்சுகீசியர் கடல்வழி கண்ட பிறகு வந்தவை. இவற்றில் ஒன்று சோழர் காட்சியில் இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பாது.

பதிலுக்கு எவற்றை வைப்பது? கோயில்களைக் கேளுங்கள். தலமரம் என்று அவை காத்து வைத்திருப்பது ஒரு தாவரப் பட்டியல். திருவிடைமருதூருக்கு மருதம், திருப்பனந்தாளுக்குப் பனை, சிதம்பரத்துக்குத் தில்லை. தில்லை சதுப்புநில மரம். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இன்றும் பார்க்கலாம். பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய நடைக்குள், நாயக்கர் கால ஓவியத்துக்குக் கீழே சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து சொன்னார். அங்கே தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்கும் ஆலமரத்தை வரைந்தவர், ஆயிரம் ஆண்டுக்கு முன் உங்களுக்கு இருக்கும் அதே சிக்கலை எதிர்கொண்டார்: எண்ண முடியாத இலையை எப்படிக் கண்ணுக்குக் கொடுப்பது? அவர் எதைத் தேர்ந்து வரைந்தார், எதை விட்டார் என்று அச்சுப்பிரதிகளிலாவது நிதானமாகப் பாருங்கள்.

2016இல் வந்த ‘ஜங்கிள் புக்’ படத்தின் இந்தியக் காடு லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் ஸ்டுடியோ ஒன்றுக்குள் படமாகி, கணினியில் வளர்ந்தது. அந்தக் காட்டை வளர்த்த வேலையில் பெங்களூரில் உட்கார்ந்திருந்த நம் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. கைத்திறன் நம்மிடம் இருக்கிறது. நமக்கு இல்லாதது நம் செடிகளின் களஞ்சியம். அதைத்தான் உங்களிடம் கேட்டு வாங்க வந்திருக்கிறேன்.

வேலை இதுதான். ஒரு செடிக்கு அறுபது, எழுபது படம், சுற்றிலும் எடுக்க வேண்டும். மேகம் மூடிய நாளில் எடுத்தால் நிழல் படத்தோடு ஒட்டிக்கொள்ளாது. பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையும் அளவுகோலும் இருக்கட்டும். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், வெயிலுக்கு எதிரே பிடித்தது என மூன்று படம் தனியாக வேண்டும். ஊர், தேதி, நேரம், ரகத்தின் பெயர் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அந்த வயல்காரரைக் கேளுங்கள், அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். எல்லாவற்றையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியிடுவோம். முதலில் நெல், வாழை, தென்னை, பனை, நாணல், மருதம், பூவரசு, கண்டல், பாலை என ஒன்பது போதும். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால், குறுவை நாற்றங்காலிலிருந்தே நெல்லைத் தொடங்கிவிடலாம். நாற்று பறிப்பதற்குள் முதல் படங்கள் முடிந்துவிட வேண்டும்.